சுவருக்கு அந்தப் பக்கமும் நம் பிள்ளைகள்தான்

(பெக்கான் நானாஸில் நடந்த நம் சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் நலப்பிரிவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மேடையில் பேச எங்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார்கள். “நல்ல விஷயமாகப் பேசுங்கள், நெய்ச்சோறு ஆறிவிடும்” என்று செயலாளர் காதோடு சொல்லியும் வைத்தார். ஐம்பது ஆண்டுகளில் சங்கம் செய்த நற்காரியங்களை எங்களுக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். சூராவ் கட்டியதும், தமிழ் வகுப்பு நடத்தியதும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுத்ததும் நம் எல்லோருக்கும் பெருமைதான். ஐம்பது ஆண்டுகளாக நாம் பேசாமலே விட்ட ஒன்றைப் பேச நாங்கள் வந்திருக்கிறோம். சிறையிலிருக்கும் நம் பிள்ளைகளின் உடல்நலம் பற்றியும், அவர்களில் பலரைச் சிறைக்குக் கொண்டுபோன போதைப்பொருள் பற்றியும்தான் இந்தப் பேச்சு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெக்கான் நானாஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அன்னாசி ஞாபகம் வரும். குடிநுழைவுத் துறையில் மாட்டியவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். நம் ஊரில் இருக்கும் தடுப்பு முகாம்தான் அது. நாம் பொந்தியானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் போய்வருகிற வழியில் அந்த வேலியைப் பார்த்துப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பவர்கள் யாரோ, எந்த நாட்டுக்காரர்களோ என்று நினைக்கிறோம். அவர்களில் இராமநாதபுரத்துப் பையன்களும் இருந்திருக்கிறார்கள். உணவகத்தில் ரொட்டி தட்டியவர்கள். பெர்மிட் முடிந்து, கடப்பிதழ் முதலாளியிடம் இருந்து, ஒருநாள் சோதனையில் பிடிபட்டவர்கள். வீட்டிலிருந்து கைலியோடு ஏற்றப்பட்ட ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால், அவருடைய மாத்திரை தலையணைக்கு அடியிலேயே கிடக்கும். நாங்கள் இந்தப் பணிக்குள் வந்ததே அப்படித்தான். ஒருவருடைய மருந்துச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் முதன்முதலில் போனோம்.

அந்த வாசலில் நின்ற பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. முகாம் நம் ஊரில் இருக்கிறது. ஆனால் நம் சொந்தப் பிள்ளைகள் சிம்பாங் ரெங்கத்திலும் குளுவாங்கிலும் காஜாங்கிலும் இருக்கிறார்கள். அவர்களை நாம் போய்ப் பார்த்ததில்லை.

சிறைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நம் நாட்டில் பழைய கதை. அதில் நம் சமையலறையும் வருகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். பெரிபெரி என்ற நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால் வீங்கும், மரத்துப்போகும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுபோகும். நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற நோய் அது. ஏன் வருகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. கிருமி என்றார்கள், ஈரக்காற்று என்றார்கள், கட்டடத்தின் தோஷம் என்றும் சொன்னார்கள். நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. சீனத் தொழிலாளிகளுக்கு வருகிறது, தமிழர்களுக்கு ஏறக்குறைய வருவதே இல்லை. வேறுபாடு சோற்றில் இருந்தது. அவர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நம் பாட்டிமார்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. அரிசியை மட்டும் தெரியும்.

இதை நிரூபித்தவர்கள் அடைபட்ட மனிதர்கள்தான். 1905, 1906ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அங்கிருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண் சொல்லவைத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குப் பக்கத்துக்கு. ஒரு பக்கத்தாருக்கு வழக்கமான வெள்ளையரிசி, மறுபக்கத்தாருக்கு வங்காளத்துப் புழுங்கல் அரிசி. ஓராண்டு முடிவில் வெள்ளையரிசி சாப்பிட்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் நோயிருந்தவர்கள் இருவர்தான், அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள்; இறந்தவர் எவருமில்லை. இதற்குச் சற்று முன் ஜாவாவில் ஃபோர்டெர்மான் என்ற டச்சு மருத்துவர் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான் வந்தது. தீட்டிய அரிசி கொடுத்த சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பெரிபெரி. தவிடு நீக்காத அரிசி கொடுத்த இடங்களில் பத்தாயிரத்தில் ஒருவர்.

அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் உலகம் ஒரு பாடம் கற்றது: அடைத்துவைக்கப்பட்டவனின் உடம்பு அவன் கையில் இல்லை. அவன் தட்டில் எது விழுகிறதோ அதுதான் அவன் ஆயுள். வெளியே இருக்கிற நமக்குச் சோறு பிடிக்கவில்லையென்றால் பாசாருக்குப் போகலாம். அவனுக்கு அந்த வழி கிடையாது.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1995இல் தெனாகனித்தா அமைப்பின் ஐரீன் ஃபெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் இருந்து வெளிவந்த முன்னூறுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டார். செமினி முகாமில் பெரிபெரியாலும் டைஃபாய்டாலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி அப்போதுதான் வெளியே வந்தது. வைட்டமின் கண்டுபிடித்துத் தொண்ணூறு ஆண்டு ஆகவிருந்த காலத்தில், மாத்திரை சில காசுக்குக் கிடைத்த காலத்தில்! பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996இல் அந்த அம்மாள்மீது வழக்குப் போட்டார்கள். 2003இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் 2008 நவம்பரில்தான் விடுதலையானார். 2014இல் காலமானார். நம் ஊர் முகாமைக் கடக்கும்போதெல்லாம் எங்களுக்கு அவர் ஞாபகம் வருகிறது.

இப்போது போதைப்பொருளுக்கு வருகிறோம்.

1983இல் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தது. அந்த ஆண்டுதான் போதைக்கு அடிமையானோர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டமும் வந்தது. அதற்கு முன்பே 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் இருந்தது. அதன் 15ஆவது பிரிவின்படி, போதைப்பொருளைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. மீண்டும் மீண்டும் மாட்டினால் 39சி பிரிவு: ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. கடத்தினால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். 2023 ஜூலையிலிருந்து தூக்கு கட்டாயமில்லை என்று ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்று நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் போதைப்பொருள் தொடர்பான குற்றத்துக்காக உள்ளே இருப்பவர்கள். கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் நிறைந்த இடம் என்று நாம் கற்பனை செய்கிற சிறைக்குள் உண்மையில் இருப்பது, சிறுநீர்ச் சோதனையில் தவறிய லாரி ஓட்டுநரும், மீன்பிடிப் படகுக்காரரும், உணவகத்தில் பதினாறு மணி நேரம் நின்று வேலை செய்தவரும்தான்.

எங்கள் இளமைக் காலத்தில் போதை என்றால் கஞ்சா, பிறகு ஹெராயின். ஊசிக் காலம் அது. இப்போது பெரும்பாலும் சாபு, பில் கூடா. ஹெராயின் ஆளைத் தூங்கவைக்கும், சாபு தூங்கவிடாது. மூன்று நாள் நான்கு நாள் தூங்காமல் வேலை செய்யலாம் என்று சொல்லித்தான் முதல் தடவை கொடுக்கிறார்கள். அடுக்குமாடிக் கட்டுமானத்திலும், இரவு நேரக் கடைகளிலும், தூர லாரிகளிலும் அது பரவியதற்குக் காரணம் சோம்பல் அல்ல, வேலைதான். இதை நம் பிள்ளைகளின் முதலாளிகளாக இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொடர்ந்து போனால் பல் கொட்டும், உடம்பு வற்றும், காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரன் கொல்ல வருகிறான் என்று தோன்றும். அந்தக் கட்டத்தில் நம் குடும்பங்கள் செய்கிற முதல் காரியம், ஜின் பிடித்திருக்கிறது என்று ஓதிப்பார்க்க அழைத்துப்போவது. ஓதுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஓதிய தண்ணீரைக் கொடுத்த கையோடு தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனைக்கும் அழைத்துப்போங்கள் என்றுதான் கெஞ்சுகிறோம். இரண்டு வருடம் ஓதிப்பார்த்துவிட்டு, பையன் அண்டை வீட்டுக் கண்ணாடியை உடைத்துக் காவல் நிலையத்துக்குப் போன பிறகு எங்களிடம் வந்த உம்மா உண்டு.

உள்ளே போனால் போதை நின்றுவிடும், அதனால் போகட்டும் என்று சொல்கிற வாப்பாமார்களும் இருக்கிறார்கள். கோபத்தில் சொல்வது. நியாயமும் இருக்கிறது, வீட்டுப் பண்டங்களெல்லாம் விற்கப்பட்ட பிறகு ஒரு தகப்பன் வேறென்ன சொல்வார்? ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

முதலில் ஊசி. ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்திய காலத்தில் நம் நாட்டில் எச்.ஐ.வி. பரவியது முக்கியமாக அந்த வழியில்தான். 2002இல் மட்டும் 6,900க்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகத் தொற்று கண்டது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதன் பிறகு அரசாங்கம் துணிந்து ஒரு காரியம் செய்தது. 2005 இறுதியில் மெத்தடோன் மருந்து கொடுக்கத் தொடங்கியது. மறு ஆண்டு பழைய ஊசிக்குப் புது ஊசி மாற்றிக் கொடுக்கும் திட்டமும் வந்தது. பாவத்துக்குத் துணைபோவதா என்று அப்போது பெரிய சர்ச்சை. நம்மிடையேயும் இருந்தது; எங்களில் சிலரே எதிர்த்துப் பேசியவர்கள்தான். இன்று ஊசி வழியாக வரும் புதுத் தொற்று மிகச் சிறிய பங்காகிவிட்டது. எதிர்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மெத்தடோன் என்பது நாள்தோறும் ஒரு வேளை, மருந்தாளர் கண்முன்னே குடிக்கிற திரவம். ஹெராயின் நிறுத்தியதும் வருகிற உடல்வலி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் எல்லாவற்றையும் அது அடக்கிவைக்கிறது. கிறக்கம் கொடுப்பதில்லை. குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம், தொழலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே என்று கேட்பவர்களிடம் நாங்கள் இன்சுலினைக் காட்டுகிறோம். சர்க்கரைக்காரர் நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டால் அவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. கிளந்தானில் உள்ள பெங்காலான் செப்பா சிறையில் 2008இல் கைதிகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள்; பிறகு வேறு சிறைகளுக்கும் வந்தது. 2010இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள அர்-ரஹ்மான் மஸ்ஜிதில் பல்கலைக்கழக மருத்துவர்கள் மெத்தடோன் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். மஸ்ஜித் ஒன்றில்! தொழுகைக்கு வருகிறவரும் மருந்துக்கு வருகிறவரும் ஒரே வாசலில் நுழைந்தார்கள். நம் சூராவ் வாசலைப் பற்றி நாங்கள் யோசித்தது அந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான்.

சாபுவுக்கு இப்படி ஒரு மாற்று மருந்து இதுவரை இல்லை. பேச்சு, ஆலோசனை, குடும்பம், வேலை, நேரத்துக்குத் தூக்கம் என்றுதான் மீட்க வேண்டியிருக்கிறது. நீண்ட பாடு.

இரண்டாவது, கல்லீரல் நோய். ஹெப்பட்டைட்டிஸ் சி என்ற கிருமியும் ஊசி வழியாகத்தான் அதிகம் வருகிறது. பச்சை குத்தும் ஊசியாலும், ஒரே சவரக்கத்தியாலும் வரும். சிறைக்குள் இரண்டுமே நடக்கிறது. பதினைந்து இருபது வருடம் ஒரு தொல்லையும் தராமல் உள்ளே இருந்து, பிறகு கல்லீரலைக் கல்லாக்கிவிடும். ஐம்பது வயதில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, “இப்போது அவன் திருந்திவிட்டானே, ஏன் இந்தச் சோதனை” என்று குடும்பம் அழுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். இதற்கு மருந்து உண்டு. பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். அமெரிக்காவில் இந்த மருந்து முதலில் வந்தபோது ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைத்தார்கள். 2017இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தில் தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி, மலிவான மருந்தை இறக்குமதி செய்ய வழி திறந்தது. மறு ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். உலக நாடுகளே திரும்பிப் பார்த்த காரியம் இது. நம் வீட்டில் பழைய ஊசிக்காரர் ஒருவர், இன்று தாடி வளர்த்து முதல் வரிசையில் தொழுகிறவர் இருந்தால், ஒரே ஒரு முறை இரத்தச் சோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். பெயர் கேட்க மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நாங்கள் பொய் சொல்லப்போவதில்லை. கேட்பார்கள். கேட்டால் என்ன?

மூன்றாவது காசநோய். இதுதான் எங்களுக்கு மிகவும் கவலை. இருமினால் காற்றில் பரவும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர் படுத்தால், ஒருவர் இருமுவது எல்லோருடைய நுரையீரலுக்கும் போகும். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் நாட்டுச் சிறை ஒன்றில் தோல் ஊசிச் சோதனை செய்து பார்த்தபோது, பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருந்தது. உறங்குகிற கிருமி எல்லாரையும் நோயாளியாக்காது. நல்ல உடம்பு உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் ஆயுளில் எப்போதாவது அது விழிக்கும். எச்.ஐ.வி. உள்ளவருக்கோ, சர்க்கரை நோய்க்காரருக்கோ, சாப்பாடு சரியில்லாதவருக்கோ அது சீக்கிரம் விழித்துக்கொள்ளும்.

சொறி சிரங்கு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு நுணுக்கமான செய்தி இருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மாத்திரை, மெத்தடோனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். அப்படியானால் என்ன ஆகும்? மெத்தடோன் குடித்து நிம்மதியாக இருந்தவருக்கு, காசநோய் மருந்து தொடங்கிய சில நாளில் பழைய வலியும் நடுக்கமும் திரும்பிவிடும். மருத்துவரிடம் சொன்னால் மெத்தடோன் அளவைக் கூட்டிக் கொடுப்பார். சொல்லாவிட்டால்? பையன் பழைய இடத்துக்குப் போவான், அல்லது காசநோய் மாத்திரையை நிறுத்துவான். “பார், மறுபடியும் அரிக்குது அவனுக்கு” என்று நாம் ஏசுவோம். அரித்தது அவன் மனமல்ல, மாத்திரை.

இதெல்லாம் உள்ளே. வெளியே வந்த பிறகு நடப்பதைச் சொல்லத்தான் உண்மையில் வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் குடும்பம் ஒன்றில் ஒரு பிள்ளை பதினெட்டு மாதம் சிறையிலிருந்து திரும்பினான். யார் என்று சொல்லப்போவதில்லை. அவன் உம்மாவிடம் கேட்டுத்தான் இதைப் பேசுகிறோம். வந்த அன்று ஆட்டுக்கறி ஆக்கினார்கள். தலைமுடி வெட்டி, புதுக் கைலி கட்டி, ஜும்ஆவுக்கு வாப்பாவோடு வந்தான். நம்மில் பலர் அவனோடு கைகுலுக்கவில்லை. அதை அவன் கவனித்ததாக அவன் உம்மா பிறகு சொன்னார். பதினோராம் நாள் அதிகாலை குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொன்னார்கள். மையத்தைக் குளிப்பாட்டிய எங்களுக்குத் தெரியும். நாங்களும் நெஞ்சுவலி என்றே சொன்னோம்.

ஏன் இறந்தான்? உள்ளே இருந்த பதினெட்டு மாதத்தில் உடம்பு பழக்கத்தை மறந்துவிட்டது. கை மறக்கவில்லை. முன்பு எந்த அளவு எடுத்தானோ அதே அளவை எடுத்தான். முன்பு தாங்கிய உடம்பு இப்போது தாங்கவில்லை. மூச்சு மெல்ல நின்றுவிட்டது. இது நம் ஊருக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வந்த முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். முதல் காரணம் போதைமருந்து அளவு மிஞ்சியது. இரண்டே வாரம்! நம் பிள்ளை பதினோராம் நாள் போனான்.

விருந்து வைக்கும் அந்த இரண்டு வாரம்தான் அவனை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாத காலம் என்று அன்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. உள்ளே மெத்தடோன் குடித்தவனா, வெளியே வந்த மறுநாளே எந்தக் கிளினிக்கில் அது கிடைக்கும், சீட்டு கொண்டுவந்தானா என்று கேட்க வேண்டும் என்றும் தெரியாது. காசநோய் மாத்திரை ஆறு மாதம் சாப்பிட வேண்டும். மூன்றாம் மாதத்தில் விடுதலையானால் மீதி மூன்று மாதத்துக்கு யார் பொறுப்பு என்றும் நாம் கேட்டதில்லை. இருமல் நின்றதும் மாத்திரையும் நின்றுவிடுகிறது. பிறகு வருகிற காசநோய் பழைய மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம்.

அவன் ஜனாஸாவுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். நம் சங்கத்தின் கைராத் நிதியில் ஒரு விதி இருக்கிறது. குற்றத்துக்காகச் சிறை சென்ற உறுப்பினரின் உறுப்பியம் தானாகவே ரத்தாகும்; கைராத் பணம் கிடையாது. அந்த விதியைக் காட்டி அவன் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. கூட்டத்தில் அதற்குக் கை தூக்கியவர்களில் நாங்களும் உண்டு. கபன் துணிக்கும் குழி வெட்டவும் அவன் தங்கை தன் காதணியைக் கழற்றிக் கொடுத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

யூசுஃப் நபி (அலை) அவர்கள் சிறையில் இருந்தவர்கள். மதரஸாவில் அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லித்தருகிறோம். அவர்கள் குற்றம் செய்யாமல் போனார்கள், இவன் குற்றம் செய்து போனான் என்று எங்களிடம் ஒரு மூத்தவர் சொன்னார். உண்மைதான். நாங்கள் பதில் சொல்லவில்லை. கபனுக்கு அந்த வேறுபாடு தெரியுமா என்று மட்டும் யோசித்தோம்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை. கடந்த ஆண்டுகளில் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறோம்.

பிள்ளை பிடிபட்ட அன்றே அவன் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும், கிளினிக் அட்டையின் நகலையும் காவல் நிலையத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு எழுத்தில் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை, இதயம் இவை இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நீதிமன்றத்தில் நிறுத்தும்போது உடம்பு சரியில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. பயத்தில் வாய் திறக்கமாட்டான், அதனால் வழக்கறிஞரிடம் முன்பே சொல்லிவையுங்கள். சிறையிலிருப்பவருக்கு வெளியே உள்ளவருக்குக் கிடைக்கும் தரத்தில் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்பதை ஐக்கிய நாட்டு மன்றம் 2015இல் மண்டேலா விதிகள் என்ற பெயரில் உறுதிசெய்திருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி நடக்கிறது என்று சொல்லவில்லை. கேட்பது சலுகையல்ல என்று தெரிந்து கேளுங்கள் என்கிறோம்.

பார்க்கப் போங்கள். மாதம் ஒரு முறை கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து பேசினால்தான் அவன் இருமுகிறானா, கண் மஞ்சளாக இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று தெரியும். மருத்துவருக்கு முன்னால் உம்மாவுக்குத்தான் அது தெரியும்.

பிடிபடுவதற்கு முன்பே தானாக முன்வந்து சிகிச்சை கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. 2010 முதல் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் நேரில் வந்து கேட்பவர்களையும் ஏற்றுக்கொள்ளும் கிளினிக்குகளை நடத்துகிறது. சிகிச்சைச் சட்டமும் 2024இல் திருத்தப்பட்டிருக்கிறது. நம் குடும்பங்கள் போகத் தயங்குவதற்குக் காரணம் போலீஸ் பயம் பாதி. ஊர் பயம் பாதி. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள், செய்தி பரவிவிடும் என்கிறார்கள். செய்தி பரப்புவது யார்? நாம்தானே.

திரும்பி வருகிறவனுக்கு முதல் இரண்டு வாரம் ஆள் துணை கொடுக்க எங்களில் எட்டுப் பேர் முறை வைத்திருக்கிறோம். காலையில் கிளினிக்குக்கு அழைத்துப்போவது, மாலையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பது, இரவு அவன் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துவிடுவது, இவ்வளவுதான் வேலை. இதுவரை மூன்று பேருக்குச் செய்தோம். ஒருவன் மறுபடி உள்ளே போய்விட்டான். ஒருவன் பொந்தியானில் டயர்க் கடையில் வேலை செய்கிறான். மூன்றாமவன் இன்று இந்த மண்டபத்தின் சமையலறையில் உங்களுக்காக ஆணம் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். அவனைத் தேடிப் போய்ப் பார்க்காதீர்கள், வெட்கப்படுவான்.

எட்டுப் பேர் போதவில்லை. வாகனம் ஓட்டத் தெரிந்தவர்கள் தேவை. பெண்கள் பக்கத்திலும் இரண்டு மூன்று பேர் வேண்டும். உம்மாமார்கள் எங்களிடம் சொல்லாததைப் பெண்களிடம் சொல்வார்கள்.

கைராத் விதியை மாற்றக் கோரும் தீர்மானத்தை வரும் ஆண்டுக் கூட்டத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சிறை சென்றவரின் உறுப்பியம் நிறுத்திவைக்கப்படும், ரத்தாகாது. இறந்தால் கைராத் பணம் குடும்பத்துக்கு முழுமையாகக் கிடைக்கும் என்பது அதன் வாசகம். அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு அன்று கொடுக்காமல் விட்ட தொகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். எதிர்க்கிறவர்கள் கூட்டத்துக்கு வந்து எதிர்க்கட்டும். நாங்களும் அன்று அந்தப் பக்கம் கை தூக்கியவர்கள்தான் என்பதால் யாரையும் குறை சொல்லமாட்டோம். கையொப்பத் தாள் வாசல் மேசையில், செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. முறைப்பட்டியலும் அங்கேதான். பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்.

நேரம் தாண்டிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.